தவளையும் திருக்கையும்

நிலத்திலும் நீரிலும் தத்தித் திரிவது தவளை. குருத்தெலும்பாலாகிய தட்டையுடல் கொண்டு நீரடியிற் படிந்து கிடப்பது திருக்கை. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்வதனாற் பயன் என்னை எனச் சிலர் வினவக்கூடும். உருவத்தை விடுத்து உதிரத்தை நோக்குவோமாயின் விடை புலனாகும்.

உப்பிலிட்ட மாங்காய் தன்னீரை இழந்து சுருங்குதலை நாம் அறிவோம். மெல்லிய தோலையுடைய தவளையைக் கடலில் விட்டால் அதற்கு நேர்வதும் இதுவே. கடல்நீரில் ஆயிரத்திற்கு ஏறக்குறைய 35 பங்கு உப்பு உளது. தவளையின் உதிரமோ அத்துணைச் செறிவுடையதன்று. ஆதலின் உடலிலுள்ள நீர் தோல்வழியே வெளியேறும், தவளை மாயும்.

கடல்வாழ் திருக்கை இவ்விடரினின்று தப்பும் வழி வியக்கத்தக்கது. நாம் கழிவென்று சிறுநீருடன் அகற்றும் யூரியாவை அது தன் உதிரத்தில் தேக்கிக் கொள்கிறது. அதனால் உதிரத்தின் செறிவு கடல்நீருக்கு நிகராக, உடலின் நீர் வெளியேறாது நிற்கிறது.

தென்கிழக்கு ஆசியாவின் கண்டற்காடுகளில் நண்டுண்ணித் தவளை என்பதொன்று உண்டு. உவர்நீரிற் புகுந்து நண்டு முதலியவற்றை இரையாகக் கொள்வது அது. 1961-ஆம் ஆண்டில் கார்டன், ஷ்மிட்-நீல்சன், கெல்லி என்னும் அறிஞர் மூவர், இத்தவளையும் திருக்கையைப் போன்றே யூரியாவைத் தேக்கி வாழ்கின்றது என வெளியிட்டனர்.

இதற்கு நேர்மாறானது தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுத் திருக்கை. அதன் முன்னோர் கடலில் வாழ்ந்தன. எனினும் அதன் உதிரத்தில் யூரியா மிகச் சிறிதே உளதென 1967-இல் தார்சனும் அவர்தம் துணைவரும் காட்டினர். நன்னீரில் அதற்கு அச்சேமிப்பு வேண்டாததாயிற்று. கடலுக்கு வேண்டும் அளவு தேக்கும் ஆற்றலும் அதனை விட்டு நீங்கிற்று.

எனவே, நண்டுண்ணித் தவளை யூரியாவைப் பேணுவதில் குளத்துத் தவளையினும் கடற்றிருக்கையையே ஒத்திருக்கின்றது. ஆற்றுத் திருக்கையோ தன் கடலினத்தாரினின்று வேறுபடுகின்றது. இவ்வொப்புமை வாழும் நீரால் வந்ததேயன்றி உறவால் வந்ததன்று. நண்டுண்ணித் தவளையின் தலைப்பிரட்டையுங்கூடத் தாயின் வழியைப் பின்பற்றாது, எலும்பு மீன்களைப் போல உப்பை வெளியேற்றி வாழ்கின்றது.

மாணவ நண்பர்காள்! ஆய்வுக்கூடத்தில் ஒரு தவளையை அறுத்துக் கண்டமையாலே தவளையினம் முழுவதையும் அறிந்துவிட்டோமென எண்ணாதிருப்போமாக. ஓருயிரின் இயல்பை அறிய விரும்புவோர் அது வாழும் நீரையும் உடன் ஆராய்தல் வேண்டும்.