கமக்காரர் வீட்டுக்கு முதல் வெல்டிங் இயந்திரம்: தெரிவு செய்யும் முறை

விதைப்புக்கு வாய்க்காலில் நீர் திறக்கப்பட்டு, வட்டை முழுவதும் உழவு நடைபெறும் நாட்களில், சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சில்லின் தகடொன்று கழன்றால் வேலை அன்றே நின்றுவிடுகிறது. முறிந்தது ஒரு சாண் இரும்பே எனினும், அதனை ஒட்டுவிப்பதற்குக் கமக்காரர் பட்டறைக்குச் சென்று தம் முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். நீர் முறையோ எவருக்காகவும் காத்திராது. சவளக்கடைப் பகுதியினருக்கு இவ்விடர் நன்கு தெரிந்ததே. கல்முனைக்கும் சவளக்கடைக்கும் இடையில் கிட்டங்கித் தாம்போதி உள்ளது. வடகீழ்ப் பருவமழையில் வெள்ளம் பெருகி, அத்தாம்போதி மூடப்பட்டுப் போக்குவரத்துத் தடைப்பட்ட காலங்கள் பல.

இக்காரணத்தாற் சிறு பழுதுகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்வதற்கு வெல்டிங் இயந்திரம் ஒன்றை வாங்குவது நன்றே. ஆயின் பொருந்தாத இயந்திரத்தை வாங்கினாற் பணமும் வீணாகி, வீட்டு மின்கம்பியும் கருகும். எந்த இயந்திரம் பொருந்தும் என்பதை மூன்று கேள்விகளால் அறியலாம். செய்ய வேண்டிய வேலை யாது? வீட்டு மின்னிணைப்பு எவ்வளவு தாங்கும்? ஆண்டுக் கணக்கு என்ன சொல்கிறது?

1. வேலையை முதலில் எழுதுக

கடைக்குச் செல்லுமுன், கடந்த இரு போகங்களில் பட்டறைக்குக் கொண்டுசென்ற பொருள்களை ஒரு தாளில் எழுதுதல் வேண்டும். பெரும்பாலான கமவீடுகளில் அப்பட்டியல் பின்வருமாறு இருக்கும்: இரும்புச் சில்லின் தகடு, உழவு இயந்திரப் பெட்டியின் பக்கப் பலகைக் கொளுக்கி, களை கருவியின் சட்டம், நீரிறைக்கும் இயந்திரத்தின் தாங்கி, படலை, பாகலுக்கும் புடோலுக்கும் இடும் பந்தற் கால்கள். இவை 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள மெல்லுருக்கினால் ஆனவை. ஆங்கிள் இரும்பும் பொக்ஸ் பார் எனப்படும் சதுரக் குழாயும் இவ்வகையினவே.

இத்தடிப்புக்கு 2.5 மில்லிமீற்றர் ஒட்டுக்கோல் போதும். கடைகளில் இதனை 12ஆம் இலக்க வெல்டிங் றொட் என்றும் கேட்பர். இதற்கு வேண்டிய மின்னோட்டம் 60 முதல் 90 அம்பியர் வரையாகும். மெல்லிய குழாய்க்கு 2 மில்லிமீற்றர்க் கோலும் 40 முதல் 60 அம்பியரும், தடித்த இரும்புக்கு 3.2 மில்லிமீற்றர்க் கோலும் 90 முதல் 130 அம்பியரும் வேண்டும். ஆகவே கமவீட்டு வேலையிற் பெரும்பகுதி 90 அம்பியருக்குள் அடங்கிவிடுகிறது. இதனை மனத்திற் கொண்டவர் பெரிய எண்களைக் கண்டு மயங்கார்.

2. இயந்திர வகைகள்

பூச்சுள்ள ஒட்டுக்கோலைச் சுவீடன் நாட்டு ஒஸ்கார் ஷெல்பெரி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். கப்பல்களின் கொதிகலங்களைப் பழுதுபார்ப்பதே அவருடைய நோக்கமாயிருந்தது. கோலின் மேலுள்ள பூச்சு எரிந்து, உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் மூடிக் காக்கிறது. ஆதலால் காற்று வீசும் வெளியிலும் இம்முறை பயன்படும்.

கோல் கொண்டு ஒட்டும் இயந்திரங்கள் இருவகையின. முதலாவது, செப்புச் சுருள் கொண்ட மின்மாற்றி இயந்திரம். இது பாரமானது, நீண்டநாள் உழைக்கும், சுருள் கருகினால் ஊரிலேயே சுற்றுவிக்கலாம். ஆயின் இது மின்னை மிகுதியாக இழுக்கும். இரண்டாவது, இன்வேட்டர் இயந்திரம். சிறியவை 4 முதல் 8 கிலோகிராம் நிறையுள்ளவை. அதே வேலைக்குக் குறைந்த மின்னே இவற்றுக்குப் போதும். தீப்பொறி எளிதிற் பிடிக்கும். புதிதாகப் பழகுவோர்க்கு உகந்தவை. தூசு, ஈரம், எறும்பு, கடற்காற்றின் உப்பு ஆகியன இவற்றின் பகைவர்.

சுருட் கம்பியும் வாயுவும் கொண்டு ஒட்டும் மிக் இயந்திரம் மெல்லிய தகட்டுக்கு ஏற்றது. எனினும் வயற்காற்று அதன் காப்பு வாயுவைக் கலைத்துவிடும். கடற்கரைக் காற்றிற் கம்பியும் துருவேறும். ஒட்சிசன், அசற்றிலீன் உருளைகளைக் கொண்டு ஒட்டுவது பட்டறைக்கு உரியது. ஆதலால் முதலில் வாங்குவோர்க்கு இன்வேட்டர் இயந்திரமே பெரிதும் பொருந்தும்.

3. வீட்டு மின்னிணைப்பே எல்லை

இலங்கையில் வீட்டு மின்னின் அழுத்தம் 230 வோல்ற்று. பல வீடுகளின் ஒருநிலை இணைப்பு 30 அம்பியர் அளவினது. சதுர முனைப் பிளக் குதை 13 அம்பியர் தாங்கும். இயந்திரம் தரும் மின்னோட்டமும் வீட்டிலிருந்து அது இழுக்கும் மின்னோட்டமும் வேறுவேறானவை. இவ்விரண்டையும் தொடர்புபடுத்தும் கணக்கு எளிது.

தீப்பொறி எரியும் அழுத்தத்தைக் காண, 20 வோல்ற்றுடன் ஒவ்வொரு 100 அம்பியருக்கும் 4 வோல்ற்று வீதம் கூட்டுதல் வேண்டும். 75 அம்பியருக்கு அது 23 வோல்ற்று. இரண்டையும் பெருக்க 1,725 வாற்று வரும். இயந்திரத்தினுள் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் ஏறத்தாழ 2 கிலோவாற்று. மலிவான இன்வேட்டர் மின்னைச் சீராக இழுக்காது துடிப்பாக இழுப்பதால், வீட்டுக் கம்பியில் 12 அல்லது 13 அம்பியர் ஓடும். அதாவது 2.5 மில்லிமீற்றர்க் கோலுக்கே 13 அம்பியர்க் குதை தன் எல்லையை அடைந்துவிடுகிறது.

இப்பொழுது 250 அம்பியர் என்று பெரிதாக எழுதிய சிறு இயந்திரம் ஒன்றை எண்ணுக. 250 அம்பியருக்கு 30 வோல்ற்று. பெருக்க 7,500 வாற்று. இழப்பே இல்லை எனக் கொண்டாலும் அது 230 வோல்ற்றில் 32 அம்பியருக்கு மேல் இழுத்தல் வேண்டும். அது 30 அம்பியர் வீட்டிணைப்பு முழுவதையும் மிஞ்சும். ஆகவே அவ்வெண் பொய்யாயிருத்தல் வேண்டும். மெய்யாயின் அவ்வீட்டில் அதனைப் பயன்படுத்த இயலாது. எவ்வாறாயினும் அவ்வெண்ணுக்கெனக் கூடுதற் பணம் கொடுப்பது வீண்.

மெய்யாகவே 140 முதல் 160 அம்பியர் தரும் இயந்திரம் கமவீட்டுக்குப் போதும். அதற்கெனத் தனி ஆளியும், 4 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியும், 20 அம்பியர்க் குதையும், நல்ல புவித்தொடுப்பும் தகுதி பெற்ற மின்தொழிலாளரைக் கொண்டு அமைப்பித்தல் வேண்டும். மின்கசிவு வெட்டும் ட்ரிப் சுவிட்சை எக்காரணத்தாலும் விலக்கி இணைத்தல் ஆகாது.

நீட்டுக் கம்பியையும் கவனித்தல் வேண்டும். 25 மீற்றர் நீளமான 1 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் 15 அம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ற்று இழக்கப்படும், 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் 6 வோல்ற்றளவே இழக்கப்படும். கம்பியைச் சுருளிலிருந்து முழுவதும் விரித்த பின்னரே பயன்படுத்துக. சுருளில் விட்டால் அது வெந்து உருகும். வயலில் மின்பிறப்பாக்கியாற் செய்வதாயின், 2.5 மில்லிமீற்றர்க் கோலுக்கு 5 கே.வீ.ஏ. அளவினதும் இயந்திரத்தின் கைந்நூல் அனுமதிப்பதுமான மின்பிறப்பாக்கி வேண்டும்.

4. தகட்டைப் படித்தல்

இயந்திரத்தின் முகப்பில் உள்ள எண்ணைவிட, பின்புறம் அல்லது அடியில் ஒட்டிய விவரத் தகடே முக்கியமானது. அதில் ‘எக்ஸ்’ என்ற எழுத்துக்கு எதிரே நூற்றுக்கு இத்தனை என ஓர் அளவு காணப்படும். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் இடைவிடாது எரியலாம் என்பதை அது காட்டும். 140 அம்பியரில் நூற்றுக்கு 30 எனின், 3 நிமிடம் எரித்து 7 நிமிடம் ஆறவிடுதல் வேண்டும். மின்னோட்டம் குறையக் குறைய இவ்வளவு விரைந்து கூடும். அவ்வியந்திரமே 75 அம்பியரில் ஏறக்குறைய ஓயாது இயங்கவல்லது.

இவ்வளவு எந்த வெப்பநிலையிற் பெறப்பட்டது என்பதையும் காண்க. 40 பாகை வெப்பநிலையில் அளந்த இயந்திரம் நம்பத்தக்கது. 20 பாகையில் அளந்தது அம்பாறைக் கரையோரத்தின் சித்திரை வெயிலில் அவ்வாறு உழைக்காது. ‘ஐ 1’ என்ற எழுத்தின் எதிரே, வீட்டிலிருந்து இழுக்கும் உச்ச மின்னோட்டம் எழுதப்பட்டிருக்கும். அது எழுதப்படாத இயந்திரத்தையும், விவரத் தகடே இல்லாத இயந்திரத்தையும் விலக்குக.

5. கடையிற் செய்ய வேண்டிய சோதனை

கமக்காரர் தாமே 5 மில்லிமீற்றர்ப் பழைய இரும்புத் துண்டுகள் இரண்டையும், 6013 என இலக்கமிட்ட 2.5 மில்லிமீற்றர்க் கோல்கள் ஐந்தையும் எடுத்துச் செல்லலாம். கடைக்காரரைக் கொண்டு 80 அம்பியரில் ஐந்து கோலையும் தொடர்ந்து எரிக்கச் செய்க. இடையில் இயந்திரம் நின்றாலும், தீப்பொறி தடுமாறினாலும் வாங்குதல் ஆகாது. உத்தரவாதக் காலம், பழுதுபார்க்கும் இடம், உதிரிப்பாகம் ஆகியவற்றை எழுத்திற் பெறுக. கல்முனையிலோ அம்பாறையிலோ பழுதுபார்க்க ஆளில்லாத இயந்திரம் மலிவாயினும் விலை கூடியதே.

6. செலவுக் கணக்கு

கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்துக்கே செலவிடுதல் தவறு. முகமூடி, தோற் கையுறை, கிரைண்டர், கசடு தட்டும் சுத்தியல், கம்பித் தூரிகை, ஒட்டுக்கோல், மின்னிணைப்பு வேலை ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கையேனும் ஒதுக்குதல் வேண்டும்.

மின்செலவு சிறிதே. 2.5 மில்லிமீற்றர்க் கோலொன்று ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எரிந்து முடியும். ஐம்பது கோல்களுக்கும் ஏறக்குறைய 2 அலகு மின்னே செலவாகும். எனவே கணக்கைத் தீர்மானிப்பது கொள்விலையும், பட்டறைக் கூலியும், வேலை தடைப்படும் நாட்களுமே. கடந்த ஈராண்டிற் பட்டறைக்குக் கொடுத்த கூலியையும் போக்குவரத்தையும் கூட்டுக. அத்தொகை இயந்திரமும் துணைப்பொருள்களும் கொள்ளும் விலைக்கு அண்மையில் வந்தாற் வாங்கலாம். அதிற் கால்வாசியும் வாராதாயின், தனியே வாங்காது, கமக்காரர் அமைப்பின் வாயிலாகவோ அயலவர் நால்வர் சேர்ந்தோ ஒன்றை வாங்கி, பழகிய ஒருவர் பொறுப்பில் வைத்தல் மேல். இதற்கென வட்டிக்குக் கடன் கொள்ளல் தகாது.

7. வீட்டில் ஒட்டலாகாதவை

உழவு இயந்திரத்தின் சுக்கான், பிரேக், சில்லின் வளையம், பெட்டியின் இழுவைச் சட்டம் ஆகியன பாதையில் முறிந்தால் உயிர் போகும். இவற்றை அனுபவம் வாய்ந்த தொழிலாளரிடமே ஒப்படைக்க. வார்ப்பிரும்புப் பெட்டகத்துக்கும், கடினமான கலப்பைத் தட்டுக்கும் வேறு கோலும் முன்சூடாக்கலும் வேண்டும். சாதாரண கோல் கொண்டு ஒட்டினால் அருகிலேயே வெடிப்புண்டாகும்.

எரிபொருட் தாங்கியும், எண்ணெய் அல்லது பூச்சிகொல்லி இருந்த பீப்பாவும் வெறுமையாயினும் வெடிக்கும். எவ்வளவு கழுவினாலும் அவற்றில் தீப்பொறி படலாகாது. ஜீ.ஐ. குழாய் என வழங்கும் நாகம் பூசிய குழாயைச் சூடாக்கினால் எழும் வெண்புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும். ஒட்டுமிடத்திலிருந்து பூச்சை அராவி நீக்கி, திறந்த வெளியிற் காற்றுக்கு முதுகுகாட்டாது பக்கவாட்டில் நின்று செய்க.

8. உயிர்க் காப்பு

சேற்றிலும் ஈர மண்ணிலும் நின்று ஒட்டுதல் உயிருக்கு ஆபத்து. மழையில் வேலையை நிறுத்துக. சாரம் உடுத்தவாறும், வெறுங்காலுடனும், ஈரச் செருப்புடனும் இவ்வேலையைத் தொடங்கலாகாது. தடித்த பருத்திக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை, மூடிய சப்பாத்து, உலர்ந்த தோற் கையுறை ஆகியன வேண்டும்.

வெயிற் கண்ணாடி தீப்பொறிக்குக் காப்பாகாது. 10ஆம் அல்லது 11ஆம் இலக்கக் கண்ணாடி பொருத்திய முகமூடியே உரியது. வேடிக்கை பார்க்கும் சிறுவரை அப்பால் அனுப்புக. அன்றிரவு கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தினால், கைமருந்து இடாது வைத்தியசாலைக்குச் செல்க. வைக்கோற் போருக்கும் ஓலைக் கொட்டிலுக்கும் அருகில் ஒட்டலாகாது. வாளியில் நீரும் மணலும் வைத்திருந்து, வேலை முடிந்த பின் அரைமணி நேரம் அவ்விடத்தைக் கண்காணிக்க. மின்னோடும் பொருளின் மேல் நீர் ஊற்றலாகாது. முதலில் ஆளியை அணைக்க.

உழவு இயந்திரத்தில் ஏதேனும் ஒட்டுமுன் மின்கலத்தின் இணைப்புக்களைக் கழற்றுக. புவிக் கவ்வியை ஒட்டுமிடத்துக்கு அருகிற் பூட்டுக. தொலைவிற் பூட்டினால் மின் உருளைத் தாங்கிகளூடே பாய்ந்து அவற்றைக் கெடுக்கும்.

9. பழகுதலும் பேணுதலும்

முதல் இரண்டு கிலோகிராம் கோலையும் பழைய இரும்பிலேயே செலவிடுக. இரு துண்டுகளை ஒட்டி, இடுக்கியிற் பூட்டிச் சுத்தியலால் மடித்துப் பார்க்க. ஒட்டு வாய்திறந்தால், மின்னோட்டம் குறைவாயிருந்தது அல்லது துருவும் நெய்ப்பசையும் நீக்கப்படவில்லை எனக் கொள்க. முதலிற் பந்தற் காலும் படலையும் செய்து, கை திருந்திய பின்னரே சில்லின் தகட்டைத் தொடுக. முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழோடு பயிற்சி உண்டு.

கோல்களை மூடியுள்ள தகரத்தில் உலர வைக்க. இயந்திரத்தைச் சீமெந்துத் தரையில் வைக்காது, உயரமான தட்டில் துணியால் மூடி வைக்க. மாதமொருமுறை மின்செருகியைக் கழற்றி, மெல்லிய காற்றினால் உள்ளிருக்கும் தூசை ஊதி நீக்குக. ஒட்டிய இடங்களுக்கு அன்றே வர்ணம் பூசாவிடில் கடற்காற்று அவ்விடத்தையே முதலில் தின்னும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

வேலையின் தடிப்பே கோலைத் தீர்மானிக்கும். கோலே அம்பியரைத் தீர்மானிக்கும். வீட்டு மின்னிணைப்பே இயந்திரத்தின் எல்லையைத் தீர்மானிக்கும். பெரும்போக விதைப்புக்கு முன் இக்கணக்கைப் பார்த்து, கோடை நாட்களிலேயே வாங்கிப் பழகியவர்க்கு, நீர் திறந்த நாளில் முறியும் ஒரு தகட்டால் விதைப்புப் பிந்தாது.