வால்வு மைக்: நிறுவும் முறையும் காக்கும் முறையும்
(சமுதாய வானொலி ஊழியர்களுக்கு ஒரு பாடம்)

ஆராய்ச்சி நிலையத்துக்கும் உழவனின் வயலுக்கும் இடையே வானொலி பாலமாக நின்றதை நம் மாநிலம் நன்கு அறியும். 1960-களில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது, திருச்சி வானொலி வாயிலாக அதனை அறிந்த உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு வழங்கினர். காதில் விழும் சொல் வயலில் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. அச்சொல் தெளிவாக விழாவிடில் விளையும் கேடும் அதே அளவினதாகும். மருந்தின் அளவை ‘இருநூறு மில்லி’ என்று அறிவிப்பாளர் கூற, கேட்பவர் காதில் ‘அறுநூறு மில்லி’ என விழுமாயின், பயிருக்கும் கேடு. தெளிப்பவர் உடலுக்கும் கேடு.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி முதல் நாளன்று சமுதாய வானொலி தொடங்கப்பெற்றது. 2006-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்திய பின்னர், தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இத்தகைய வானொலி நடத்தும் உரிமை பெற்றன. ஊர்ப்புறத்துச் சிறு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வால்வு கண்டென்சர் மைக் ஒன்று விலைக்கோ நன்கொடையாகவோ வந்து சேருமாயின், அதனைச் சாதாரண மேடை மைக்கைப் போல் எண்ணிக் கையாளுதல் கூடாது. அதனை நிறுவும் முறையையும், அபாயமின்றிப் பயன்படுத்தும் முறையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைப்பு

கண்டென்சர் மைக்கை 1916-இல் அமெரிக்காவில் ஈ. சி. வென்ட் என்பார் கண்டறிந்தார். ஜெர்மனியில் ஜார்ஜ் நியூமன் 1928 முதல் அதனை விற்பனைக்கு உருவாக்கினார். அதன் அடிப்படை எளியது. ஓர் உலோகத் தகடு; அதற்கு மிக அருகில், பொன் பூச்சிட்ட ஒரு மெல்லிய படலம். இப்படலத்தின் கனம் மனிதத் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. இரண்டுக்கும் இடையே மின்னேற்றம் நிறுத்தப்படுகிறது. குரல் பட்டுப் படலம் அசையுந்தோறும், அவ்வசைவு மின்சாரத்தில் நுண்ணிய மாறுதலாக வெளிப்படுகிறது.

இம்மாறுதல் நீண்ட கம்பி வழியே செல்லும் வலிமை இல்லாதது. ஆகையால் அதனைப் பிறந்த இடத்திலேயே ஏந்திக்கொள்ள, மைக்கின் உடலுக்குள்ளேயே ஒரு வால்வு வைக்கப்பட்டுள்ளது. பழைய வால்வு ரேடியோக்களைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. வால்வின் இழை சூடேற ஏறத்தாழ 6 வோல்ட் போதும். ஆனால் அதன் தகட்டுக்கு 100 முதல் 200 வோல்ட் வரையிலும், சிலவற்றில் அதற்குச் சற்று மேலும், நேர்மின்சாரம் வேண்டும். இவ்விரண்டையும் தருவதற்கே இத்தகைய மைக்குடன் தனி மின்பெட்டி ஒன்று வருகிறது. மின்பெட்டியும் மைக்கின் ஓர் உறுப்பே என்பதை ஊழியர்கள் முதற்கண் மனத்திற்கொள்ள வேண்டும். இப்பாடத்தில் வரும் எச்சரிக்கைகளுட் பெரும்பாலானவை இவ்வொரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன.

நிறுவும் முறை

1. மின்பெட்டியின் பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் விசை இருப்பின், அது 230-இல் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட் ஆகும். விசை தவறியிருப்பின் இணைத்த கணமே பெட்டி பழுதாகும்.

2. மண்ணிணைப்பு உள்ள மூன்று முனைச் செருகியையே பயன்படுத்த வேண்டும். ஒலியில் இரைச்சல் கேட்கிறதென்று மண்ணிணைப்பு முனையைக் கழற்றிவிடும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது. இரைச்சலுக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

3. மைக் கனமானது. எனவே அகன்ற கால்களையுடைய உறுதியான தாங்கியில், ரப்பர் இழைகளாலான தொட்டிலில் அதனைப் பொருத்துக. தாங்கியின் கை நீண்டிருப்பின், அது ஒரு காலின் நேர்மேலே அமையுமாறு திருப்பி, எதிர்க்காலின் மேல் ஒரு மணல் மூட்டையை வைக்க வேண்டும்.

4. மைக்கையும் மின்பெட்டியையும் இணைக்கும் பல முனைக் கம்பி அம்மைக்குடன் வந்ததாகவே இருத்தல் வேண்டும். வேறு நிறுவனத்தின் கம்பி பொருந்துவது போல் தோன்றினும், உள்ளே முனைகளின் வரிசை மாறியிருக்கலாம். உயர் மின்னழுத்தம் இக்கம்பியிலேயே செல்வதால், நடைபாதையில் கிடத்தி மிதிபட விடலாகாது.

5. மின்பெட்டியிலிருந்து மிக்ஸருக்குச் சாதாரண மூன்று முனைக் கம்பி செல்லும். மிக்ஸரில் 48 வோல்ட் தரும் ‘பேண்டம்’ விசை டிரான்சிஸ்டர் வகை கண்டென்சர் மைக்குகளுக்கு உரியது. வால்வு மைக்குக்கு அது வேண்டுவதில்லை. அவ்விசையை அணைத்தே வைக்க வேண்டும்.

6. இணைப்புகள் அனைத்தும் முடிந்து, மிக்ஸரின் ஒலியளவு முழுதும் தாழ்த்தப்பட்ட பின்னரே மின்பெட்டியை இயக்க வேண்டும். வால்வு சூடேறி நிலைபெறக் கால் மணி முதல் அரை மணி நேரம் ஆகும். அதுவரை பதிவைத் தொடங்காதிருத்தல் நன்று.

நிறுத்தும்போது இவ்வரிசை தலைகீழாக வரும். ஒலியளவைத் தாழ்த்துக, மின்பெட்டியை அணைக்க, சில நிமிடங்கள் பொறுத்த பின்னரே கம்பியைக் கழற்றுக. மின்பெட்டி இயங்கும்போது பல முனைக் கம்பியைக் கழற்றுவதோ செருகுவதோ எக்காரணம் கொண்டும் கூடாது. இடையில் மின்தடை நேரின், மின்பெட்டியின் விசையை உடனே அணைத்து, மின்சாரம் திரும்பி நிலைபெற்ற பின்னரே மீண்டும் இயக்க வேண்டும்.

அணைத்த பெட்டியில் ஆபத்தில்லை என்று கருதிவிடலாகாது. அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் விசை அணைந்த பின்னும் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கக்கூடும். ஆகவே மூடியைத் திறந்து பழுதுபார்த்தல் பயிற்சி பெற்ற வல்லுநரின் வேலையேயன்றி, நிலைய ஊழியரின் வேலையன்று. ஃபியூஸ் போனால், குறிப்பிட்ட அளவுடைய ஃபியூஸையே இட வேண்டும். கம்பித் துண்டைச் சுற்றுதல் தீவிபத்துக்கு வழிகோலும்.

குரலைப் பதியும் முறை

இத்தகைய மைக்குகளுட் பெரும்பாலானவை பக்கவாட்டிலிருந்து குரலை ஏற்பவை. உச்சியை நோக்கிப் பேசினால் குரல் மங்கிக் கேட்கும். வழக்கமாக நிறுவனத்தின் முத்திரை உள்ள பக்கமே முன்பக்கமாகும். ஐயம் தோன்றின் இரு பக்கமும் பேசிப் பதிந்து ஒப்பிடலாம். பேசுபவர் வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் அளவு இடைவெளி போதும். மிக நெருங்கினால் அடிக்குரல் மிகுந்து சொற்கள் குழம்பும்; மிக விலகினால் அறையின் எதிரொலி மிகும்.

‘பயிர்’, ‘பம்பு’, ‘பஞ்சாயத்து’ என்னும் சொற்களில் பகரம் தோன்றும்போது வாயிலிருந்து காற்று வேகமாகப் பாய்கிறது. இக்காற்று படலத்தைத் தாக்காதிருக்க, வளையத்தில் கட்டிய மெல்லிய நைலான் திரையை மைக்குக்கு நான்கு விரற்கடை முன்னே நிறுத்த வேண்டும். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அதன்மேல் ஊதுவதும் தட்டுவதும் அறவே விலக்கத்தக்கவை. ஒருவரைப் பேசச் சொல்லி ஹெட்போனில் கேட்பதே சரியான சோதனை.

தனியொருவர் பேச்சுக்கு முன்பக்கக் குரலை மட்டும் ஏற்கும் நிலை பொருந்தும். இருவர் எதிரெதிரே அமர்ந்து உரையாடும்போது இருபுறமும் ஏற்கும் நிலை பயன்படும். இந்நிலைகளை மாற்றும் விசை பெரும்பாலும் மின்பெட்டியில் இருக்கும். ஒலியளவைத் தாழ்த்திவிட்டு மாற்றி, சிறிது நேரம் பொறுக்க வேண்டும். பதிவுக் கருவியின் அளவுமானியில் உரத்த சொற்களும் -12 டெசிபெல் அளவில் நிற்குமாறு அமைத்துக் கொண்டால், எதிர்பாராது குரல் உயரினும் பதிவு சிதையாது.

இவ்வகை மைக் நல்லதை மட்டும் தேர்ந்து கேட்பதன்று. மின்விசிறியின் ஓசையையும் தெருவில் செல்லும் லாரியின் ஓசையையும் ஒருங்கே வாங்கிக் கொள்ளும். ஆகையால் சுவர்களில் கெட்டியான ஜமுக்காளங்களைத் தொங்கவிடுதலும், பதிவின்போது மின்விசிறியை நிறுத்துதலும் வேண்டும்.

பாதுகாத்தல்

தூசியும் ஈரமும் இதன் பகைகள். மின்னேற்றம் பெற்ற படலம் தூசியைத் தன்பால் ஈர்க்கும். ஈரம் படிந்தால் படபடவென்ற ஓசை எழும். பயன்படுத்தி முடித்து, உடல் நன்கு ஆறிய பின்னர் மைக்கை அதன் பெட்டியில் வைத்து, உடன் சிலிக்கா ஜெல் பொட்டலமும் இட்டு மூட வேண்டும். கடலோர ஊர்களில் இது இன்றியமையாதது. படலத்தைத் துணியாலோ விரலாலோ துடைக்க முயலுதல் அதனை அழிப்பதற்கு ஒப்பாகும்.

எங்கே பயன்படுத்தலாகாது?

கிராம சபைக் கூட்டத்துக்கும், வயல்வெளிப் பேட்டிக்கும், திருவிழா மேடைக்கும் இது ஏற்றதன்று. ஈரமும் காற்றும் அதிர்ச்சியும் தாங்கவல்ல, மின்பெட்டி வேண்டாத டைனமிக் மைக்கே அவ்விடங்களுக்கு உரியது. விலை குறைந்த கருவி என்று அதனை இகழ வேண்டுவதில்லை. புதிதாக நிலையம் தொடங்குவோர் நல்ல டைனமிக் மைக்குகள் இரண்டை முதலில் வாங்கி, வால்வு மைக்கைப் பின்னர்க் கருதுதலே சிக்கனமான வழி. முதியோர் பாடும் தாலாட்டும் நடவுப் பாட்டும் நெடுங்காலம் காத்து வைக்கப்பட வேண்டியவை. அவற்றை அமைதியான கூடத்தில் பதியும்போது வால்வு மைக்கின் நுண்மை பெரிதும் பயன் தரும்.

ஒவ்வொரு நிலையத்திலும் இக்கருவிக்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, மேற்கூறிய ஆறு படிகளையும் நிறுத்தும் வரிசையையும் பெரிய எழுத்தில் எழுதிக் கூடத்தின் சுவரில் ஒட்டுதல் நலம். இயக்கிய நேரம், நிறுத்திய நேரம், கண்ட குறை ஆகியவற்றைக் குறிக்க ஒரு பதிவேடும் வேண்டும். புதிதாக வரும் ஊழியர் எவரும், பொறுப்பாளர் முன்னிலையில் மும்முறை இவற்றைச் செய்து காட்டிய பின்னரே தனியே இக்கருவியைத் தொட அனுமதிக்கப்பட வேண்டும்.