கையெழுத்து வாங்கிவிட்டால் நட்டஈடு இல்லையா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்தேன். கடதாசி வெட்டும் மெஷினில் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. வருகிற தைப்பொங்கலோடு இரண்டு வருஷம். முதலாளி 40,000 ரூபா தந்து, சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார். வாசித்துப் பார்க்கவில்லை. 'ஈபிஎப் இல்லாத ஆளுக்கு நட்டஈடு கிடையாது' என்கிறார். ஏதும் செய்யலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: செய்யலாம், தைப்பொங்கலுக்குள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அவர் பிந்தியும் ஏற்கலாம். 'முதலாளி பார்த்துக்கொள்வார் என்றிருந்தேன்' என்பது தக்க காரணமா என்று நீங்களே யோசியுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் முதலாளியின் கவனயீனத்தை நிரூபித்து நட்டம் கேட்பதற்கும் அதே இரண்டு வருஷந்தான். இரண்டு இடத்திலும் வாங்க முடியாது, ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்.

ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டாதது முதலாளியின் தவறு, உங்கள் நட்டஈட்டுக்குத் தடையல்ல. அதைத் தொழில் திணைக்களத்தில் தனியாக முறையிடலாம். நீங்கள் அவருடைய தொழிலுக்காகவே வேலை செய்தவர் என்பதால், நாட்சம்பளம் என்று சொல்லி அவர் கைகழுவ முடியாது. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய தாளும் செல்லாது. அதன் பிரதியையாவது வாங்கினீர்களா?

2022 திருத்தத்தோடு நட்டஈட்டின் உச்சத் தொகை 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாகியது. அவ்வளவும் உங்களுக்கு வரும் என்று எண்ண வேண்டாம். காயத்தையும் சம்பளத்தையும் வைத்துத்தான் கணக்கு. அந்தச் சம்பளத்துக்கு உங்களிடம் என்ன ஆதாரம்? சம்பளத் துண்டில்லை, நியமனக் கடிதமில்லை, பொலிஸ் முறைப்பாடில்லை. விரல் போன அன்று உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் யார் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. வார்ட்டில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டையாவது தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் வைத்தியசாலையில் மருத்துவ அறிக்கைக்கு இன்றே விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று. மெஷினின் பாதுகாப்புத் தட்டு கழற்றியிருந்ததா, கழற்றியது யார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தொழிலாளி வேண்டுமென்றே கழற்றினார் என்று காட்ட முடிந்தால் முதலாளி தப்பலாம். வேலை வேகமாக முடியட்டும் என்று முதலாளியே கழற்றச் சொல்லியிருந்தால் கதை வேறு. அதை எனக்கு எழுத வேண்டாம். கையிலிருக்கும் தாள்களோடு இந்தக் கிழமையே ஒரு சட்டத்தரணியை நேரில் கண்டு சொல்லுங்கள். வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.