பட்டமும் கடனும்: முதல் சம்பளத்தில் தொடங்கும் கணக்கு

புனே–லோணாவளா புறநகர் ரயில் தடத்தில், தாபோடிக்கும் பிம்ப்ரிக்கும் இடையே கசார்வாடி என்னும் சிறு நிலையம் உள்ளது. 2022 மார்ச் 6 முதல் அதே பெயரில் மெட்ரோ ரயில் நிலையமும் இயங்கி வருகிறது. போசரி, பிம்ப்ரி, சிஞ்ச்வட் ஆகிய தொழிற்பகுதிகளுக்கு அருகில் இருப்பதால், படிப்பு முடித்து முதல் வேலைக்கு வரும் இளைஞர்கள் இங்கே அறையைப் பகிர்ந்துகொண்டு தங்குவது வழக்கம். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. முதல் சம்பளம் வந்த சில மாதங்களில் அவர்கள் வங்கியின் முகப்பில் நின்று கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், மாதாமாதம் தவறாமல் கட்டுகிறேன். கடன் மட்டும் ஏன் குறையவே இல்லை?"

இக்கேள்விக்கு விடை சம்பளத்தின் அளவில் இல்லை என்பது நம் அனுபவம். கட்டும் பணம் எந்தக் கடனுக்கு, எதன் கணக்கில், எவ்வளவு போகிறது என்பதைக் கடன்பட்டவர் அறிந்திருக்கிறாரா என்பதில்தான் விடை இருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதனைப் படிப்படியாகப் பார்ப்போம்.

புனே மாவட்டம் கற்பித்த பாடம்

கடன்பட்டவர் தம் கணக்கை அறியாதிருப்பதால் விளையும் தீங்கை வரலாற்றில் பதிவு செய்த மாவட்டம் புனே. 1875 மே 12 அன்று இம்மாவட்டத்தின் சூபா என்னும் ஊரில் விவசாயிகள் திரண்டு வட்டிக்கடைக்காரர்களின் வீடுகளையும் கடைகளையும் முற்றுகையிட்டனர். அவர்கள் முதன்மையாகத் தேடியவை கடன் பத்திரங்கள். கிடைத்த பத்திரங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினர். கலவரம் அண்டை ஊர்களுக்கும் பரவியது. எழுத்தறியாத விவசாயி கைநாட்டு வைத்த பத்திரத்தில் என்ன எழுதப்பட்டிருந்தது, கட்டிய பணம் எப்படி வரவு வைக்கப்பட்டது என்பதெல்லாம் கடன் கொடுத்தவருக்கு மட்டுமே தெரிந்திருந்தன.

அதன்பின் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1879 ஆம் ஆண்டில் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டிய தொகைக்கு எழுத்துப்பூர்வமான ரசீது பெறவும், ஆண்டுக் கணக்கைக் கேட்டுப் பெறவும் அச்சட்டம் கடன்பட்டவருக்கு உரிமை தந்தது. பத்திரத்தில் கண்ட தொகையோடு நின்றுவிடாமல் கடனின் பூர்வக் கதையை நீதிமன்றம் ஆராயவும் வழி செய்தது.

இன்று நிலைமை தலைகீழாக மாறியுள்ளது. கணக்கு நம் கைப்பேசியிலேயே இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், புதிய சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவர அறிக்கை வழங்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டியுடன் பிற கட்டணங்களையும் சேர்த்து, ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் செலவாகும் என்பதை அவ்வறிக்கை காட்டும். அன்று கேட்டும் கிடைக்காத கணக்கு இன்று கேளாமலே கிடைக்கிறது. ஆனால் அதனைத் திறந்து பார்ப்பவர் குறைவு.

முதற்படி: ஒரே தாளில் எல்லாக் கடனும்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இது எந்தவொரு தனி வாடிக்கையாளரின் விவரமும் அன்று. பலருடைய நிலையை ஒத்த கற்பனைக் கணக்கு. பொறியியல் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் கசார்வாடியில் தங்கிப் போசரியில் பணிபுரிகிறார். கைக்கு வரும் சம்பளம் ரூ. 34,000. அறை வாடகை, உணவு, பயணம், கைப்பேசி, ஊருக்கு அனுப்பும் தொகை எல்லாம் சேர்த்துச் செலவு ரூ. 18,500. கடனுக்கென எஞ்சுவது ரூ. 15,500. அவருக்கு மூன்று கடன்கள் உள்ளன.

ஒன்று, கல்விக் கடன்: நிலுவை ரூ. 4,80,000, ஆண்டு வட்டி 10 சதவீதம், 84 மாதத் தவணை, மாதம் ரூ. 7,969.

இரண்டு, கடன் அட்டை: நிலுவை ரூ. 60,000, மாத வட்டி 3.5 சதவீதம். புது ஊரில் அறைக்கு முன்பணம் கொடுக்கவும், கைப்பேசி வாங்கவும் ஏற்பட்ட கடன்.

மூன்று, நகைக் கடன்: கல்லூரியின் கடைசி ஆண்டில் தாயாரின் சங்கிலியை ஊரில் அடகு வைத்துப் பெற்ற ரூ. 80,000, ஆண்டு வட்டி 9 சதவீதம். ஓராண்டு முடிவில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

நண்பரிடம் பெற்ற கைமாற்று இருந்தால் அதனையும் இத்தாளில் எழுத வேண்டும். வட்டி இல்லை என்பதற்காகக் கடன் இல்லாமல் போவதில்லை.

இரண்டாம் படி: வட்டி வீதத்தின் வரிசை

மூன்றில் பெரியது கல்விக் கடன். ஆகவே பலர் அதனைக் கண்டே அஞ்சுகின்றனர். ஆனால் அவசரமாகத் தீர்க்க வேண்டியது அட்டைக் கடன். மாதம் 3.5 சதவீதம் என்பது சிறிய எண்ணாகத் தோன்றும்; ஆண்டுக்கு அது 42 சதவீதம். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியும் உண்டு.

ரூ. 60,000 நிலுவைக்கு ஒரு மாத வட்டி ரூ. 2,100, வரி ரூ. 378, ஆக ரூ. 2,478. குறைந்தபட்சத் தொகை என்று ரூ. 3,000 கட்டினால், அசலில் குறைவது ரூ. 522 மட்டுமே. அடுத்த மாத நிலுவை ரூ. 59,478. முகப்பில் நின்று அந்த இளைஞர் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. குறைந்தபட்சத் தொகை கட்டுவது, தவணை தவறியவர் என்ற பெயரிலிருந்து காப்பாற்றும், கடனிலிருந்து காப்பாற்றாது. மேலும், முழு நிலுவையையும் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. ஆகவே முதல் வேலை, அட்டையைப் பயன்படுத்துவதை நிறுத்துவது.

மாதம் ரூ. 6,000 வீதம் கட்டினால் இந்நிலுவை 14ஆவது மாதத்தில் தீரும். கட்டும் மொத்தம் ஏறத்தாழ ரூ. 79,000. அதே ரூ. 60,000 தொகையை 15 சதவீத ஆண்டு வட்டியில் 12 மாதத் தனிநபர் கடனாக மாற்ற இயன்றால், மாதத் தவணை ரூ. 5,415, மொத்தம் ஏறத்தாழ ரூ. 65,000. பரிசீலனைக் கட்டணத்தைக் கழித்த பிறகும் இது லாபமே. ஆனால் ஓர் எச்சரிக்கை. காலியான அட்டையை மறுபடியும் நிரப்பினால், ஒரு கடன் இரு கடனாகும். அந்த உறுதி இல்லாதவர் இவ்வழியில் செல்லாதிருப்பது நன்று.

மூன்றாம் படி: வட்டி மட்டுமன்று, நாளும் உண்டு

வட்டி வீதப்படி பார்த்தால் நகைக் கடன் கடைசியில் வரும். ஆயினும் அதற்கு ஒரு கெடு நாள் உண்டு. அந்நாள் தவறினால் நகை ஏலத்திற்குப் போகலாம். ஏலத்தில் போன நகைக்குப் பதில் வேறு நகை வாங்கலாம். ஆனால் தாயாரின் கழுத்தில் இருந்த நகையை வாங்க இயலாது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதன்று. அப்துல் கலாம் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையால் அத்தொகையைத் தர இயலவில்லை. தமக்கை ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். அவற்றைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்டுத் தருவது என்று கலாம் அன்றே உறுதி பூண்டார். 1958 இல் அரசுப் பணியில் சேர்ந்தபோது அவருடைய அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். படிப்புக்காகப் பிறர் தந்ததைத் தம் உழைப்பால் திருப்பித் தருவது கௌரவம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு தேவையில்லை.

நம் இளைஞரின் நகைக் கடனுக்கு ஓராண்டு வட்டி ரூ. 7,200. மாதம் ரூ. 600 வீதம் தனியே எடுத்து வைத்தால், கெடு நாளில் வட்டி தயாராக இருக்கும். அதனைக் கட்டிக் கடனைப் புதுப்பிக்க இயலுமா, இடையில் அசலில் ஒரு பகுதியைக் கட்ட இயலுமா என்பதை நகை வைத்த இடத்திலேயே, கெடுவுக்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

நான்காம் படி: திட்டம்

இப்போது ரூ. 15,500 எப்படிப் பிரிகிறது என்று பார்ப்போம். கல்விக் கடனுக்கு ரூ. 7,969, அட்டைக்கு மாற்றாகப் பெற்ற கடனுக்கு ரூ. 5,415, நகை வட்டிக்கு ரூ. 600, ஆக ரூ. 13,984. எஞ்சும் ரூ. 1,516 இல் ரூ. 1,500 அவசரச் சேமிப்பு. ஓராண்டில் அது ரூ. 18,000 ஆகும். கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று கேட்பர். காய்ச்சலோ, ஊருக்கு அவசரப் பயணமோ வரும் மாதத்தில் அட்டையை மீண்டும் எடுக்காதிருக்கவே இச்சேமிப்பு.

பன்னிரண்டு மாதங்களில் அட்டைக் கடன் முடிந்துவிடும். இரண்டாம் ஆண்டில், விடுபட்ட ரூ. 5,415, நகைக்கான ரூ. 600, சேமிப்பிலிருந்து மாதம் ஏறத்தாழ ரூ. 1,000 ஆகியவற்றைச் சேர்த்து மாதம் ரூ. 7,000 வீதம் நகைக் கடனின் அசலுக்கும் வட்டிக்கும் கட்டினால், 24ஆவது மாத முடிவில் தாயாரின் சங்கிலி வீடு திரும்பும்.

அப்போது கல்விக் கடனின் நிலுவை ஏறத்தாழ ரூ. 3,75,000. நகைக்குக் கட்டிவந்த அதே ரூ. 7,000 தொகையை இனித் தவணையோடு சேர்த்துக் கட்டினால், மீதமுள்ள 60 மாதங்கள் 29 மாதங்களாகச் சுருங்கும். வட்டியில் ஏறத்தாழ ரூ. 55,000 மிச்சம். சம்பளம் ஒரு ரூபாயும் உயரவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. முடிந்த கடனின் தவணையைச் செலவில் கரைக்காமல் அடுத்த கடனுக்குத் திருப்பியதே இதன் சூட்சுமம். மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் விதிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டுள்ளது. கூடுதலாகக் கட்டும்போது, "தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலம் குறையட்டும்" என்று கிளையில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தவணையை நீட்டிப்பது லாபமா?

கல்விக் கடனை 15 ஆண்டுகள் வரை நீட்டித்துக் கட்டவும் வாய்ப்பு உண்டு. நம் எடுத்துக்காட்டில் 180 மாதமாக்கினால் தவணை ரூ. 5,158 ஆகக் குறையும். மாதம் ரூ. 2,811 கையில் நிற்கும். ஆனால் 84 மாதத்தில் ஏறத்தாழ ரூ. 1,89,000 ஆக இருந்த மொத்த வட்டி, ஏறத்தாழ ரூ. 4,48,000 ஆக உயரும். வேறு வழியில்லாதவருக்கு இது உதவி. வழியுள்ளவருக்கு இது செலவு. வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவின்கீழ் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கழிவு கிடைத்தது, ஆகவே நீட்டிப்போம் என்று சிலர் எண்ணுவதுண்டு. அக்கழிவு பழைய வரி முறையைத் தேர்ந்தவருக்கே உரியது. வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவருக்கு அதனால் பயன் இல்லை.

தவணை தவறும் என்று தோன்றினால்

வேலை போகலாம், சம்பளம் தாமதமாகலாம். அப்போது பலர் வங்கியின் அழைப்பை எடுக்காமல் விடுகின்றனர். அது தவறு. கல்விக் கடனில் பெற்றோர் பொதுவாக இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டிருப்பர். கசார்வாடியில் மகன் தவறவிடும் தவணை, ஊரில் இருக்கும் தந்தையின் கடன் வரலாற்றிலும் பதிவாகும். நிலுவை 90 நாள்களைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் வகையில் சேரும். அதற்கு முன்பே, முதல் தவணை தவறும் முன்பே, கிளைக்கு வந்து எழுத்து மூலம் நிலைமையைத் தெரிவித்தால் தவணையை மாற்றியமைப்பது குறித்துப் பேச இடமுண்டு.

ஒரு தவணையைக் கட்ட இன்னொரு செயலியில் கடன் வாங்குவதைத் தவிர்க்க வேண்டும். அவசியம் ஏற்பட்டால், கடன் தருவது ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனமா என்பதையும், முக்கிய விவர அறிக்கையையும் பார்த்த பின்னரே சம்மதம் தர வேண்டும். கடன் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பதும், மிரட்டவோ அவமதிக்கவோ கூடாது என்பதும் விதி. கடன்பட்டவருக்கும் உரிமை உண்டு.

வாசகர்களுக்கு ஒரு பயிற்சி

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பத்தி போடுங்கள்: யாரிடம் கடன், இன்றைய நிலுவை, ஆண்டு வட்டி, மாதத் தவணை, கெடு நாள். நினைவிலிருந்து எழுதாமல், கணக்கு அறிக்கையைப் பார்த்தே எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் தகவல் அறிக்கையைப் பெற்று, மறந்துபோன கடன் ஏதும் உண்டா என்றும் சரிபாருங்கள். பின்னர் வட்டி மிகுந்ததை முதலிலும் குறைந்ததைக் கடைசியிலும் வைத்து எண்ணிடுங்கள். கெடு நாள் நெருங்கிய கடனைச் சுற்றி வட்டமிடுங்கள்.

பிறகு அத்தாளைப் பெற்றோருக்கும் காட்டுங்கள். படிப்புக்காகக் கையெழுத்திட்டவர்களும் நகையைக் கழற்றித் தந்தவர்களும் அவர்களே. எந்த மாதம் எந்தக் கடன் முடியும் என்ற விவரம் அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். தாளில் புரியாத வரி ஏதேனும் இருந்தால் அதனை எடுத்துக்கொண்டு உங்கள் கிளைக்கு வாருங்கள். உட்கார்ந்து கணக்கிட்டுத் தருவது எங்கள் கடமை.