வேடந்தாங்கல் ஏரியில் ஒரு பங்குனி மாலை: பறவைகளால் பயிருக்கு உண்டாகும் நன்மை

மயிலாப்பூருக்குத் தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில், செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர் பரப்புடையது. நீர்ப்பறவைகளைக் காப்பதால் குடியானவர்கள் அடையும் பலனை அறிய விரும்புவோர், பங்குனி மாதத்து மாலையொன்றில் இவ்வேரிக் கரையில் சற்று நேரம் நின்று கவனிப்பது நலம்.

காணத்தக்கவை: பொழுது சாயும் வேளையில் நீர்க்காகங்களும் வெண்கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் கூட்டங் கூட்டமாக வந்து, நீரில் நிற்கும் மரங்களில் அடையும். நத்தைகுத்தி நாரை, வயல்களில் பிடித்த நத்தைகளைக் குஞ்சுகளுக்கு ஊட்டும். இவை அடங்கும் சமயத்தில் வக்கா என்னும் இராக்கொக்கு இரைதேடப் புறப்படும். இங்ஙனம் இரவும் பகலும், சுற்றுப்புறத்து நீர்நிலைகளின் மீனும் நத்தையும் இவ்வேரிக்கே வந்து சேர்கின்றன.

பயன்: இரையுண்ட பறவைகளின் எச்சம் நீரில் விழுந்து கரைகின்றது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. மதகு வழியே அந்நீர் ஆயக்கட்டில் பாயும்போது, வண்டிச் சத்தமும் கூலியுமின்றி எருவும் உடன் செல்கின்றது. இதனை இவ்வூரார் நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடுவோரைப்பற்றி அவர்கள் முறையிட்டதன்பேரில், 1798-ஆம் ஆண்டில் கலெக்டர் லயோனல் பிளேஸ் பாதுகாப்புக் கௌல் அளித்தார். அவ்வுரிமை 1858-இல் மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 2022-இல் இவ்வேரி ராம்சர் உடன்படிக்கைப்படி சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாயிற்று.

கைக்கொள்ளத்தக்கவை:

1. பறவைகள் அடையும் ஏரிப்பாசனத்தில் மேலுரமிடுமுன் இலையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கரும்பச்சையாயின் தழைச்சத்து உரத்தை நிறுத்தி வைத்தல் வேண்டும். மிகுந்தால் பயிர் சாயும், பூச்சியும் பெருகும்.

2. நத்தை, மீன் முதலியவற்றைக் கொல்லும் மருந்துகளை வாய்க்காலில் கலக்கவிடலாகாது. இரை நஞ்சானால் பறவையும் மடியும்.

3. தூர் வாருங்கால் ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களையும் கருவேல மரங்களையும் வெட்டலாகாது.

4. நவரைப் பயிருக்குக் கடைசி நீர் விடும் பங்குனியில் குஞ்சுகள் இன்னும் கூட்டிலிருக்கும். மரத்தடி வறண்டால் நாயும் நரியும் எளிதில் அணுகும். பயிரும் காய்தல் கூடாது. ஆதலின் கிராம அதிகாரிகளும் ஆயக்கட்டுதாரர்களும் தை மாதத்திலேயே கூடி, நீரின் அளவுக்கேற்ப நடவுப் பரப்பைக் குறித்துக்கொள்ளுதல் அவசியம். பங்குனியில் மதகடியில் நின்று வாதாடுவதால் இரண்டில் ஒன்று நஷ்டமாகும்.