கொம்பனித்தெருவின் மூன்றாவது மொழி

கொழும்பு 2 என்று முகவரியில் எழுதப்படும் கொம்பனித்தெரு, பேரை வாவியை ஒட்டிய நெருக்கமான பகுதி. ஒல்லாந்தர் தம் அடிமைகளை அங்கே தங்கவைத்தனர். ஆங்கிலப் பெயரான 'ஸ்லேவ் ஐலண்ட்' அதனால் வந்தது. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விகாரை எல்லாம் நடைதூரத்தில் உள்ளன. கடைகளில் தமிழும் சிங்களமும் மாறிமாறிக் கேட்கும்.

அங்கு மூன்றாவதாக ஒரு மொழியும் உண்டு. அது மலாய். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரராகவும் நாடு கடத்தப்பட்டோராகவும் வந்தவர்களின் மொழி. மலே வீதி, ஜாவா ஒழுங்கை ஆகிய பெயர்களிலும், 1786இல் எழுந்த வேகந்த ஜும்ஆப் பள்ளிவாசலிலும் அவர்களது சுவடு தெரிகிறது. 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை அரபெழுத்தில் கொழும்பில் வெளியிட்டார். அக்காலத்தில் இது சிறிய காரியமன்று.

இலக்கணப் பாடத்தில் வேற்றுமை உருபுகளைப் படித்துச் சலித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மலேசியாவில் 'சாயா மாக்கான் நாசி' என்பர். சொல்லுக்குச் சொல், 'நான் உண்கிறேன் சோறு'. இலங்கை மலாயிலோ வினை கடைசிக்குப் போய்விடும், தமிழைப் போல. 'வீட்டில்' என்பது அங்கே 'டி ரூமா'. வேற்றுமைப் பொருள் தரும் சொல் முன்னே நிற்கிறது. இங்கே 'ரூமா-கா', 'வீட்டுக்கு' என்றால் 'ரூமா-நங்'. நமது 'இல்', 'கு' போல உருபு பின்னே ஒட்டிக்கொள்கிறது. சொற்கள் மலாய், வாக்கிய அமைப்பு நம் நாட்டுடையது! தமிழ் பேசும் முஸ்லிம்களோடு ஏற்பட்ட திருமண உறவும் பள்ளிவாசல் உறவுமே காரணம் என்பர் ஒரு சாரார். சிங்களத்திலும் வினை கடைசியில்தான் வரும் என்பதால் அதன் பங்கையும் ஒதுக்க முடியாது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கும் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மலாயர் நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 0.2 வீதத்தினர். ஆனால் அது இனத்தின் கணக்கு. மொழியறிவு பற்றிய கேள்வி சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றையே கேட்டது. பாடசாலையில் போதனாமொழியும் இம்மூன்றில் ஒன்றுதான். உம்மம்மா மலாயில் கேட்க, பேத்தியும் மலாயிலேயே பதில் சொல்லும் வீடு ஒன்று. பேத்தி தமிழில் பதில் சொல்லும் வீடு இன்னொன்று. மதிப்பீட்டுப் படிவத்தில் இரண்டு வீடும் ஒன்றுபோலவே பதிவாகும்.