உறுதிக்கு முன் மலை

கேள்வி: வலப்பனையில் 15 பேர்ச்சஸ் காணியோடு வீடொன்று விலைக்கு வருகிறது. வாங்கி வாடகைக்கு விடலாமா?
– வாசகர், இராகலை

பதில்: உறுதியைப் பார்க்குமுன் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மலையைப் பாருங்கள். 2007 ஜனவரி மண்சரிவை வலப்பனை மறக்கவில்லை. மூலைவாட்டமாக ஓடும் சுவர்வெடிப்பு, சரிந்து நிற்கும் மரம், மழை விட்டு நாட்களாகியும் கசியும் மண்வெட்டு: இவற்றில் ஒன்றிருந்தாலும் முற்பணம் கொடுக்காதீர்கள். (அண்மையில் பெயின்ட் அடித்திருந்தால் எனக்கு இன்னும் சந்தேகம்.) தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் அந்த இடம் எந்த வலயத்தில் வருகிறது என்று கேளுங்கள்.

அடுத்தது உறுதி. ‘ஜயபூமி’, ‘சுவர்ணபூமி’ அளிப்புக் காணியென்றால் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி விற்க முடியாது. நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள்.

வாடகையா? முதலில் பைப்பில் தண்ணீர் வருகிறதா பாருங்கள்.